மெஷினும் விளிக்கயிறும்

அக்டோபர் 6, திங்கள்

காலையில் சுள்ளென்று வெயில். பதினொன்றுக்கே கிழக்கே மலைப்பக்கம் கறுத்துவிட்டது. துலாமழை, மதியத்துக்குமேல் இடியோடு வருகிற மழை, தொடங்கியாயிற்று. இனி ஒரு மாதத்துக்கு மதியம் மூன்றுக்குமேல் மரத்தில் ஆள் இருக்கக் கூடாது.

பூஜப்புரையில் வேலை. பலா, நாற்பத்தைந்து அடி, வீட்டுச் சுவரிலிருந்து நாலடி. அத்தான் மேலே, நான் கீழே கயிற்றோடு, பாபு பிக்கப்பில். அக்காவைக் கட்டிய இரண்டாம் வருஷம் அத்தானும் நானும் கூட்டுச் சேர்ந்தோம். பதினெட்டு வருஷமாக இதே ஏற்பாடு. பாபு மட்டும் இடையில் வந்தவன்.

வீட்டுக்காரர் ரிட்டயர்ட் சார். பாதி மரம் இறங்கிய பிறகு வந்து நின்றார்.

"மூடும் எடுத்துத் தருமோ?"

மூடு என்றால் அடிக்கட்டை, வெட்டிய பின் மண்ணில் நிற்கிற மிச்சம். எடுப்பதில்லை என்றேன். ஜேசிபி உள்ளே வராது, ஆள் வைத்துத் தோண்டினால் இரண்டு நாள், குழாய் உடையும், மதில் சாயும். எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்போ முழு வேலையும் எடுக்கிற ஆளையே விளிச்சிருக்கலாம்."

ஓணத்துக்குப் பிறகு இப்படிச் சொல்லும் நாலாவது ஆள். இரண்டு பழைய கஸ்டமர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள்.

ஆக முடிவு: ஸ்டம்ப் கிரைண்டர். பல் வைத்த சக்கரம் சுற்றி, அடிக்கட்டையை மண்ணுக்குக் கீழே ஒரு அடி வரை துருவித் தூளாக்கும். சின்னதாக. டீசலில்.

இன்னொரு காரணம், இந்த நோட்டுக்கு மட்டும். அத்தானுக்கு ஐம்பத்தெட்டு. இறங்கித் தரையில் நின்ற பின்னும் முட்டு நடுங்குகிறது. மெஷின் வந்தால் அதை அவர் ஓட்டலாம், மரத்துக்கு வேறு ஆள் பார்க்கலாம். கிறிஸ்துமஸுக்குள் மனிதர் தரைக்கு வந்துவிட வேண்டும். இதை நேரே சொன்னால் ரகளை. தொழிலில் சரிபாதி அவர். அவர் தலையாட்டாமல் ஒரு போல்ட் வாங்க முடியாது.

காலையில் பிக்கப்பில் போகும்போது மெஷின் பேச்சை எடுத்தேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். பதில் இல்லை. மறுபடி சொன்னேன். "ம்" கூட இல்லை.

2.20க்கு முதல் இடி. "அத்தான், இறங்குங்க!" என்று கத்தினேன். திரும்பவில்லை. சங்கிலிவாள் அப்போது ஓடவில்லை, கேட்காமல் இருக்க வழியே இல்லை. இரண்டாவது இடி பக்கத்தில். விளிக்கயிற்றை இரண்டு முறை இழுத்தேன். உடனே இறங்கி வந்தார், ஒன்றும் நடக்காதது போல.

விளிக்கயிறு அத்தானின் கண்டுபிடிப்பு. ஏழு வருஷம் முன்பு. அவர் இடுப்பு பெல்டிலிருந்து என் கைக்கு வருகிற மெல்லிய மஞ்சள் கயிறு. ஒரு இழுப்பு, நில். இரண்டு, இறங்கு. மூன்று, கொப்பு விழுகிறது. வாள் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்த வேண்டாம். ஊரில் வேறு யாரிடமும் இல்லாத ஏற்பாடு என்று கஸ்டமர்களிடம் நானே பீற்றிக்கொள்வேன்.

கயிற்றுக்கு மதிப்பு உண்டு. என் வாய்க்கு இல்லை. பிணக்கம்தான், வேறென்ன.

அக்டோபர் 8, புதன்

மழை. வேலை இல்லை. கேட்லாக் இரண்டு.

ஆரஞ்சு. கைப்பிடி வைத்தது. பின்னால் நின்று பிடித்துக்கொண்டு ஓட்டுவது. அகலம் 30 அங்குலம். எடை குறைவு, இரண்டு பலகை போட்டுப் பிக்கப்பில் ஏற்றிவிடலாம். சக்கரம் சின்னது. பெரிய புளிக்கட்டை என்றால் திணறும்.

பச்சை. ரிமோட். ஆள் பத்தடி தள்ளி நிற்கலாம், வயிற்றில் ஒரு பெட்டி தொங்கும். டாங்கி மாதிரி ரப்பர் பட்டையில் நகரும். அகலம் 36. எடை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. சக்கரம் பெரிது.

விலை வேறு தாளில். இந்த நோட்டில் எழுதக் கூடாது என்று ஷீபா சொல்லிவிட்டாள். தூங்குமுன் இதைப் புரட்டுவேனாம், பிறகு புரண்டு புரண்டு படுப்பேனாம். வீட்டுக்காரிக்குத் தெரியாதது இல்லை.

கம்பெனி ஆள் பிரதீஷ் போனில். இருபத்தேழு வயது இருக்கும், மூச்சு விடாமல் பேசுகிறான். பச்சையைத்தான் தள்ளிவிடப் பார்க்கிறான்.

"சேட்டா, ரிமோட்டாணு இனி எல்லாம்."

நமக்கு எதற்கு ஃபேன்சி என்றேன். டிவிக்கே ரிமோட் கிடைக்காத வீடு.

பாபுவிடம் படங்களைக் காட்டினேன். ஆரஞ்சு போதும் என்றான். அத்தான் ஷெட்டில் அந்தப் பக்கம் உட்கார்ந்து வாள் சங்கிலியை அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவதை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார். நான் கூப்பிடவில்லை. எத்தனை முறைதான் கூப்பிடுவது?

அக்டோபர் 9, வியாழன்

வெயில். கேட் அளக்கும் நாள்.

கேட்லாக்கில் அடுக்கடுக்காக எழுதியிருக்கிறார்கள். ஊரில் கேள்வி ஒன்றுதான், கேட்டுக்குள் போகுமா. ஐந்து சென்ட் மனையில் வீடு கட்டி, சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து விட்டு, அதற்குப் பின்னால் மாமரம் வளர்க்கிறவர்கள் நம் கஸ்டமர்கள். மூங்கில் கம்பு இரண்டு, 30க்கு ஒன்று, 36க்கு ஒன்று. பைக்கில் கட்டிக்கொண்டு பழைய கஸ்டமர் வீடுகள் இருபத்தைந்து.

மணக்காட்டில் ஒரு கேட்டில் கம்பை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு அம்மா.

"எந்தா அவிடெ? கல்லிடான் வந்நதாணோ?"

சர்வே கல் நட வந்தவன் என்று நினைத்துவிட்டார். மரம் வெட்டுகிறவன் என்று சொல்வதற்குள் இன்னும் இரண்டு வீட்டிலிருந்து ஆள் இறங்கிவிட்டார்கள். ஒருவர் கையில் போன், வீடியோ எடுக்கிறார். ரோடு அகலப்படுத்த வரவில்லை, அடிக்கட்டை எடுக்கிற மெஷினுக்காக அளக்கிறேன் என்று மலையாளத்தில் மூன்று முறை சொன்னேன். கடைசியில் வீடியோ எடுத்தவரே தன் வீட்டுக் கேட்டையும் அளக்கச் சொன்னார். 33. அவருக்கும் ஒரு வாகைக்கட்டை இருக்கிறதாம்.

கோட்டைக்குள் அக்ரகாரத் தெருக்களில் பின்வாசல் சந்துகள் மோசம். ஒன்று 28. அதில் மெஷின் மட்டுமல்ல, நானே கொஞ்சம் மூச்சை இழுத்துத்தான் போனேன்.

கணக்கு: வீடியோக்காரரையும் சேர்த்து 26 கேட்டில் ஆரஞ்சு நுழைவது 23. பச்சை நுழைவது 14.

ஆரஞ்சுதான். பேச்சே இல்லை.

அக்டோபர் 11, சனி

காலை மேகம். அத்தானோடு சாலைக் கடைத்தெரு. பழைய இறக்குகயிறு நைந்துவிட்டது. கிரீஸ், கொக்கி இரண்டு.

கயிற்றுக்கடை அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். வாய் சும்மா இருக்காது. அத்தான் கயிற்றை விரலால் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி பின்னால் தட்டிலிருந்து ஏதோ எடுத்துக்கொண்டே அத்தானிடம் கேட்டார்.

"சாமுவேல் அண்ணாச்சி, மவளுக்கு மாப்ள பாக்கியளாமே?"

பதில் இல்லை.

"என்ன, மரம் ஏறி ஏறி மரமாவே ஆயிட்டியளா? கூப்பிட்டா திரும்பமாட்டேங்கிய!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பைப் பார்த்து அத்தானும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. எனக்கு எரிச்சல். என்மேல் கோபம் என்றால் என்னிடம் காட்டட்டும், கடைக்காரரிடம் ஏன்?

வெளியே மூட்டை வண்டிகளுக்கு நடுவில் நடக்கும்போது சொல்லிவிட்டேன். "மெஷின் புடிக்கல்லேன்னா புடிக்கல்லேன்னு சொல்லுங்க அத்தான். இப்படி முகத்தத் திருப்பிட்டு நடக்காதீங்க."

கொஞ்ச தூரம் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "செரிதான்," என்றார்.

அத்தானின் பதில்கள் மொத்தம் மூன்று. செரிதான். பாப்போம். கர்த்தருக்குச் சித்தமானா நடக்கும். எந்தக் கேள்விக்கும் இந்த மூன்றில் ஒன்று பொருந்திவிடும். இது எப்போதிலிருந்து என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை. முன்பு கதை கதையாகப் பேசுகிற மனிதர்.

அக்டோபர் 12, ஞாயிறு

சர்ச். அத்தான் முதல் வரிசை, போதகரின் முகத்துக்கு நேரே. பாட்டில் எப்போதும் போல அரை வரி பின்னால் வருகிறார், சத்தமாக. பக்தி அதிகம் என்று எல்லோரும் பொறுத்துக்கொள்கிறோம்.

மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. நெய்மீன் வறுத்தது, புளிக்கறி, மரச்சீனிக் கிழங்கு. அத்தான் படுக்கப் போனதும் அக்காவிடம் முறையிட்டேன். ஒரு வாரமாகப் பிணக்கம், மெஷின் பேச்சை எடுத்தாலே கல் மாதிரி நிற்கிறார், நீயாவது கேள்.

அக்கா எழுந்தாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள்.

மீனில் உப்புக் கூட. அக்கா கையில் இப்படி நேராது.

அக்டோபர் 14, செவ்வாய்

வெயில். கழக்கூட்டம். டெமோ.

ஐடி பார்க்குக்குப் பின்னால் லேடீஸ் ஹாஸ்டல். பார்க்கிங்குக்காகப் போன வருஷம் நாங்கள் வெட்டிய மரங்கள், கட்டை ஏழு அப்படியே நிற்கிறது. பிரதீஷ் இரண்டு மெஷினையும் லாரியில் கொண்டுவந்தான். ஹைவேயில் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் லேட். ஆரஞ்சை முதலில் இறக்கினான். மாஞ்சியக் கட்டை, பதினாறு அங்குலம்.

பாபுவும் நானும் ஒரு பக்கம். அத்தான் அந்தப் பக்கம், எங்களுக்கு முதுகு காட்டி, அடுத்த கட்டையின் வேரைக் குனிந்து டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். மெஷினிலிருந்து ஆறடி.

பிரதீஷ் எஞ்சினைக் கிளப்பினான்.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் காதைப் பொத்தினார்கள். வேப்பமரக் காக்கைகள் மொத்தமும் எழுந்து போயின. கேட் ஓரம் தூங்கிய நாய் ரோட்டுக்கே ஓடியது. நான் என்னை அறியாமல் இரண்டடி பின்னால் போனேன்.

அத்தான் டேப்பைப் படித்துக்கொண்டிருந்தார்.

சக்கரம் கட்டையில் இறங்கியது. சத்தம் இன்னும் கூடியது. அவர் டேப்பை மடித்தார், நோட்டில் ஏதோ குறித்தார். மரத்தூள் பறந்து அவர் காலில் அடித்தது. அப்போதுதான் துள்ளித் திரும்பினார். மெஷின் ஓடுவதைப் பார்த்தார். பிறகு உடனே என்னைப் பார்த்தார், நான் பார்த்தேனா என்று.

பார்த்துவிட்டேன்.

அத்தானுக்குக் காது கேட்காது.

டெமோவில் மீதி என்ன நடந்தது, எத்தனை நிமிஷம், எவ்வளவு டீசல், ஒன்றும் குறிக்கவில்லை. பாபுவிடம் கேட்டு எழுத வேண்டும்.

வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அத்தானுக்குக் காது..."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம்.

"கண்டுபுடிச்சிட்டியா வின்சு?"

"எத்தன வருசமா?"

"ஏழு இருக்கும். மொதல்ல எடது. பொறவு ரெண்டும். நான் அடுக்களயில நின்னு விளிக்கதில்ல லே. லைட்டப் போட்டு அணப்பேன். திரும்பிப் பாப்பாரு."

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"சத்தியம் வாங்கியிருக்காரு. வின்சு அறிஞ்சா மரத்துலேந்து எறக்கிருவான், பின்ன வீட்டுல இருந்து நான் என்ன செய்யன்னு கேட்டாரு. நான் என்ன சொல்லட்டும்?"

வைத்துவிட்டேன்.

ஏழு வருஷம். விளிக்கயிற்றுக்கும் ஏழு வருஷம்.

அக்டோபர் 15, புதன்

விடாத மழை. வேலை இல்லை, நல்லது.

கோபம். யார்மேல் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அவர் அறுபது அடியில் நின்று வாள் ஓட்டுகிறார், கீழே நான் "வலது பக்கம் பாருங்க, கொப்பு சரியுது" என்று ஏழு வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தை போய்ச் சேரவில்லை. போன வருஷம் வட்டியூர்க்காவில் தேக்குக் கொப்பு பிளந்தபோது கயிற்றை இழுத்தேனா கத்தினேனா? இரண்டும் செய்தேன் என்று நினைக்கிறேன். கத்த மட்டும் செய்திருந்தால்?

அவமானமும் இருக்கிறது. அக்காவுக்குத் தெரியும். சர்ச்சில் யாராவது யூகித்திருப்பார்கள். அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் நான், எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரமாகப் பிணக்கம் பிணக்கம் என்று இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கங்களைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

மெஷின் பல்லுக்கு உத்தரவாதம் எத்தனை மணி நேரம் என்று பிரதீஷிடம் கேட்க வேண்டும். வேப்பங்குச்சி வாங்க வேண்டும், ஷீபா சொன்னாள்.

அக்டோபர் 16, வியாழன்

மழை விட்டு வெறிச்சென்று இருந்தது. காலையில் பிக்கப்பை நெய்யாற்றின்கரைப் பாலத்துக்கு முன்னால் டீக்கடை ஓரம் நிறுத்தினேன். பாபுவை டீ வாங்க அனுப்பிவிட்டு, அத்தானின் தோளைத் தொட்டேன். நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, முகத்துக்கு நேரே:

"அத்தான், உங்க காது."

என் வாயையே பார்த்தார். இத்தனை வருஷமும் இப்படித்தான் பார்த்திருக்கிறார். மரியாதையாகக் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"ரோஸ் சொன்னாளா?"

"இல்ல, அக்கா சொல்லல்ல. கழக்கூட்டத்துல பாத்தேன்."

"ஓ." கண்ணாடி வழியே ஆற்றைப் பார்த்தார். "எடது சுத்தமா இல்ல. வலதுல தகரத்துல மழ பெய்யது போல ஒரு எரச்சல். அவ்வளவுதான்."

"ஏன் அத்தான் சொல்லல்ல?"

"சொன்னா நீ கயித்த விட்டுருவ."

மேலும் பேசினார், கொஞ்சம் சத்தமாக. டீக்கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெஷின் படத்த பாபுவுட்ட காட்டிட்டிருந்தே. கண்டேன். செரி, அவனுக்கு மெஷின், எனக்கு வீடு. அப்படித்தான் நெனச்சேன். ஒனக்க தொழிலு, நான் என்ன சொல்ல?"

"மெஷின் உங்களுக்கு அத்தான். நீங்க ஓட்டதுக்கு. ஒரு வாரமா மெஷின் மெஷின்னு சொன்னதே அதுக்குத்தான்."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கா," என்றார் மறுபடி. பாபு டீ கொண்டுவந்தான். குடித்தோம்.

காது டாக்டரைப் பார்க்கச் சம்மதித்தார். மரம் இனி ஏறமாட்டேன் என்று சொல்லவில்லை. "பாப்போம்." இந்த முறை கேட்டுவிட்டுச் சொன்னது.

ஆனால் ஒரு புதுச் சிக்கல். அவருக்கும் ஆரஞ்சுதான் வேண்டுமாம்.

"கைப்பிடி புடிச்சா எஞ்சினு என்ன சொல்லுதுன்னு கையில அறியலாம். வாளு அப்படித்தான ஓட்டுதேன். அந்தப் பெட்டியில என்ன தெரியும்?"

நியாயம்தான். நேற்று முன்தினம்வரை நானும் ஆரஞ்சுதான். ஆனால் கைப்பிடி மெஷினில் சக்கரம் கையெட்டும் தூரம். குழாயோ வயரோ தெரிந்தால் நான் அவரை எப்படி நிறுத்துவது? கத்திப் பயனில்லை. தோளைத் தொட்டால் திடுக்கிட்டு லீவரை எங்கேயாவது தள்ளுவார். கயிறு கட்டினால் சக்கரம் கயிற்றைச் சுருட்டும், கயிறு ஆளைச் சுருட்டும்.

பச்சையில் ஆள் பத்தடி தள்ளி நிற்பார். நான் அவருக்குப் பின்னால் இன்னொரு பத்தடி. கயிறு சக்கரத்தின் பக்கமே போகாது.

26 கேட்டில் 14. அதுதான் இடிக்கிறது.

அக்டோபர் 18, சனி

வெயில், காற்று. பச்சையை நம் ஷெட்டுக்கே கொண்டுவரச் சொன்னேன். பின்னால் கிடக்கும் அயினிக்கட்டை, இரண்டடி விட்டம், கல் மாதிரி இருக்கும்.

பிரதீஷ் ரிமோட் பெட்டியை அத்தானின் கழுத்தில் மாட்டினான். நான் அவருடைய பழைய பெல்டைக் கொடுத்து, பின்பக்கம் விளிக்கயிற்றைக் கட்டினேன். பிரதீஷ் வாயைப் பிளந்து பார்த்தான்.

"இது எந்தினா சேட்டா?"

"எங்க பிரேக்கு," என்றேன்.

முதல் பத்து நிமிஷம் அத்தான் ரிமோட்டோடு சண்டை. மெஷின் குலுங்கியது, ஒரு முறை வேலிப்பக்கம் நடக்கப் பார்த்தது. பிறகு பிடிபட்டது. கையில் தெரியாததைக் கண்ணில் எடுத்துக்கொண்டார். புகை கறுத்தால் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் வாங்குகிறார். தூள் பொடியாக விழுந்தால் ஆழமாக இறக்குகிறார், சிம்பு சிம்பாக வந்தால் நிறுத்தி அடுத்த பக்கம். சத்தத்தைக் கேட்டு ஓட்டுகிற பிரதீஷைவிடச் சுத்தம். பிரதீஷே சொன்னான், நான் கேட்காமல்.

நாற்பதாவது நிமிஷம் மண்ணில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. கிணற்று மோட்டாரின் ஹோஸ். அது அந்த வழியாகப் போவது எனக்கே மறந்துவிட்டது. ஒரு இழுப்பு. "அத்தான்" என்ற சத்தம் என் வாயிலிருந்து முழுதாக வருவதற்குள் சக்கரம் மேலே தூக்கியாயிற்று. ஹோஸ் பிழைத்தது. கத்தவும் செய்தேன் பாருங்கள். ஏழு வருஷப் பழக்கம் ஒரு நாளில் போகாது.

அத்தான் பெட்டியைக் கழற்றி, திருப்பிப் பார்த்தார். என் பக்கம் வந்தார்.

"செரிதான்," என்றார். பிறகு, முகத்தில் ஒரு சிரிப்போடு, "நீ இருக்கணும், கேட்டியா."

பட்டியலில் ஒன்பது கேட்டுகளை அடித்துவிட்டேன். மணக்காட்டு வீடியோக்காரர், கோட்டைக்குள் நாலு, சாஸ்தமங்கலத்தில் அந்த நல்ல டீச்சர், இன்னும் மூன்று. இவர்களுக்கு மரம் வெட்டுவோம், மூடு எடுக்கமாட்டோம். டீச்சருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. பலாப்பழம் கொடுத்தவர்.

அக்டோபர் 21, செவ்வாய்

தூறல். பச்சைக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. மூன்று வாரத்தில் வருமாம்.

பிரதீஷ் டேப்லெட்டில் ஃபாரம் நிரப்பினான். ஓட்டுகிறவர் எத்தனை பேர் என்று ஒரு கட்டம். இரண்டு என்றேன்.

"ஒராள் மதி, சேட்டா. அதல்லே ரிமோட்டிந்டெ குணம்."

ஒரு ஆள் போதுமாம், அதுதான் ரிமோட்டின் நன்மையாம்.

"ரெண்டு போடு," என்றேன். போட்டான்.

அக்டோபர் 24, வெள்ளி

மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு காது டாக்டர். நான், அக்கா, அத்தான். இடது போனது போனதுதான். வலதுக்குக் காதுமெஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கும், வாள் சத்தத்தில் இனி நிற்கக் கூடாது, தள்ளி நின்று காதுமூடியோடு கிரைண்டர் என்றால் பரவாயில்லை. டாக்டர் இதைச் சொன்னபோது என்னைப் பார்த்துச் சொன்னார். அத்தானைப் பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர் என்றேன்.

வாள் சத்தத்தில் நிற்கக் கூடாது என்றால் மரம் முடிந்தது. அத்தான் தலையை ஆட்டினார். வெளியே வந்து செருப்பைப் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். அக்கா அழவில்லை. எனக்குத்தான் மூக்கு உறிஞ்ச வேண்டியிருந்தது. இரண்டு மாதமாக நான் ஆசைப்பட்டது இதுதானே.

ஏறுவதற்கு வெள்ளறடையிலிருந்து ஒரு ஆள் வருகிறார், நாற்பது வயது, ரப்பர் தோட்டத்தில் பழக்கம். விளிக்கயிறு கட்டச் சொன்னால் சிரிக்கிறார். கட்டுவார்.

நவம்பர் 10, திங்கள்

காலை வெயில். மெஷின் வந்து முதல் வேலை, பூஜப்புரை, அதே ரிட்டயர்ட் சார் வீடு. பலாக்கட்டை. கேட் 41, தாராளம்.

எடுத்துப் போனது: டீசல் கேன், கிரீஸ், பல் நான்கு ஸ்பேர், பலகை, தார்ப்பாய், விளிக்கயிறு. காதுமூடி இரண்டு. அத்தானுக்கும் மாட்டிவிட்டேன். மிச்சம் இருப்பதாவது இருக்கட்டும்.

ஒன்றரைக்கு ஆரம்பம். சார் நாற்காலி போட்டு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். அத்தான் பெட்டியோடு முன்னால், நான் பின்னால், என் கண் சக்கரத்தில், கயிறு கையில் சுற்றி. பலா வாசனை. குழாய் இருக்கிறதா, வயர் இருக்கிறதா, வேறொன்றும் பார்க்கவில்லை. எஞ்சின், அதற்குமேல் காதுமூடி. உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை.

பாதிக் கட்டை போயிருக்கும். கையில் கயிறு இழுத்தது. அவர் பக்கத்திலிருந்து. ஒன்று, இரண்டு.

ஏழு வருஷத்தில் அந்தக் கயிறு அந்தப் பக்கத்திலிருந்து இழுபட்டதே இல்லை. நிமிர்ந்தேன். மெஷினை அணைத்துவிட்டு அத்தான் என் தலைக்கு மேலே கிழக்கைக் கை காட்டிக்கொண்டிருந்தார். திரும்பினேன். பூஜப்புரைக்கு மேலே முழுக்கக் கறுப்பு, மின்னல் இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை இடி இடித்திருக்குமோ, நான் கேட்கவில்லை.

இரண்டு இழுப்பு என்றால் இறங்கு. இறங்க எனக்கு மரம் இல்லை. வராந்தாவுக்கு ஓடினேன்.